பொதுவில் கேட்ட கேள்வி

செஞ்சி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, செல்போன் கடை மாடியில் எங்கள் அறக்கட்டளையின் அலுவலகம். தமிழில் எழுத்துப்பிழை திருத்தும் மென்பொருள் ஒன்றை இலவசமாகக் கொடுத்துவருகிறோம். அதன் நிரலை யாரும் பார்க்கலாம், மாற்றலாம். எந்த வரியை யார், ஏன் மாற்றினார் என்பதுகூட எல்லார் கண்ணிலும் படும். ஆனால் அறக்கட்டளையின் முடிவுகள் மட்டும் டீக்கடையிலேயே முடிந்துவிடும். தலைவர் என் நண்பன், செயலாளர் நான். ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சு.

ஒருநாள் செல்போன் பதிப்பை அவன் நிறுத்திவிட்டான். எனக்கே மறுநாள்தான் தெரியும். சம்பளமில்லாமல் அதற்காக உழைத்த மதுரைப் பெண் போனில் அழுதார். "யாரு சார் முடிவு பண்ணது? ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

போனை வைத்ததும், எங்கள் தன்னார்வலர்கள் எல்லாரும் படிக்கும் இணையக் குழுவில் எழுதினேன்: தலைவர் காரணம் சொல்ல வேண்டும், இனிக் கூட்டங்களை எல்லாரும் பார்க்கும்படி நடத்த வேண்டும்.

சற்று நேரத்தில் மாடியேறி வந்துவிட்டான்.

"இன்னாடா இது? தெனம் மூஞ்சியப் பாத்துக்கறோம். எங்கிட்ட கேக்க வேண்டியத ஊரக் கூட்டிக் கேக்கற?"

"உங்கிட்ட கேட்டா பதில் எனக்கு மட்டும்தான்டா தெரியும். அந்தப் பொண்ணுக்கு யாரு சொல்றது?"

"எம்மேல சந்தேகம்னு சொல்லிட்டுப் போயேன்."

"ஐயோ, அது இல்லடா!" அவன் காதில் ஏறவில்லை.

ஆனால் கேட்டதையெல்லாம் செய்தான். முதல் நேரலைக் கூட்டத்தில், "செயலாளர் அவர்களே, நீங்க ஆரம்பிக்கலாம்" என்றான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஊரே பார்க்கும்போது டா போட முடியுமா? அந்தப் பெண்ணிடம் எல்லார் முன்னாலும் மன்னிப்புக் கேட்டான். செல்போன் பதிப்பு மறுபடி தொடங்கியது; புதிதாகப் பலர் வந்தார்கள். நான் கேட்டது நியாயம். இன்றைக்கும் கேட்பேன்.

டீக்கு மட்டும் அவன் வருவதில்லை. இரண்டு தெரு தள்ளி வீடு; கூட்டத்துக்கும் அங்கிருந்தே வீடியோவில் வருவான். முடிந்ததும் முகம் மறைந்துவிடும்.

போன மாதம் விழுப்புரம் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தான். ஓடிப்போய்த் தோளில் கை போட்டேன். மெல்ல நகர்ந்துகொண்டான்.

"நல்லா இருக்கீங்களா?"

சுற்றி அத்தனை பேர் இருக்க, வெட்கமில்லாமல் கெஞ்சினேன். "திட்டுடா. டா போட்டுத் திட்டிட்டாவது போடா."

"பஸ் வந்துடுச்சி. வரேங்க" என்று ஏறிக்கொண்டான்.