காலரில் தைத்த பெயர்

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் அவளை எல்லோரும் ‘சோப்பு’ என்றுதான் கூப்பிட்டார்கள். இளையவர்களுக்குச் சோப்பக்கா. ஊரெல்லாம் விற்கிற ஒரு குளியல் சோப்புக்கும் அவளுக்கும் ஒரே பெயர். அதை இங்கே எழுதினால் உங்களுக்கும் நுரையும் வாசனையும்தான் நினைவுக்கு வரும். பொருளைச் சொன்னால் போதும்: இருட்டு விலகும்போது கீழ்வானில் முதலில் தெரியும் வெளிச்சம்.

இரண்டு பிள்ளைகளைப் பறிகொடுத்த அவளுடைய அம்மா, மூன்றாவது பிள்ளை வீறிட்டு அழுததைக் கேட்டு வைத்த பெயர் அது. அவள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகுதான் சோப்பு வந்தது. “நான்தான் மூத்தவ. அது எனக்குத் தங்கச்சி” என்பாள். ஆனாலும் தங்கச்சியை வீட்டுக்குள் விட்டதில்லை. ஒருமுறை மலிவாகக் கிடைத்ததென்று கணவர் நாலைந்து வாங்கி வந்தார்.

“என்னையே தேய்ச்சுக் குளிக்கப்போறீங்களா? போய்த் திருப்பிக் குடுத்துட்டு வாங்க.”

வாசலிலேயே நிறுத்திவிட்டாள். அவர் பேருந்து ஓட்டுநர். பேருந்தில் எப்பேர்ப்பட்ட முரடனையும் அடக்கிவிடுவார். வீட்டில் அவர் பாச்சா பலிக்காது.

அவள் வேலை கறை எடுப்பது. இரத்தம் பட்ட விரிப்பை எடுத்த எடுப்பில் வெந்நீரில் போட்டால் கறை நிலைத்துவிடும். முதலில் பச்சைத் தண்ணீர்தான். புதிதாக வந்தவள் அவசரப்பட்டால், “சூடு காட்டினா பயந்து ஒட்டிக்கும்டி. நயமாப் பேசு” என்பாள்.

கடைசியில், தங்கள் கூடத்தில் வெளுத்த விரிப்பின்மேலேயே நோயாளியாகப் படுத்தாள்.

“கல்லறைக் கல்லுல என் பேரு என் பேராவே இருக்கட்டுங்க. பாக்கிறவங்களுக்குக் குளிக்கணும்னு தோணக்கூடாது” என்று சொல்லிச் சிரித்தாள்.

ஓட்டுநர் சிரிக்கவில்லை. “சரி” என்றார்.

அவள் போன பின், கல்லறைக் கல் தயார் என்று கல் செதுக்குபவர் சொல்லியனுப்பினார். ஓட்டுநர் மகளோடு போய்ப் பார்த்தார். முதல் எழுத்து பெரிதாகச் சாய்ந்திருந்தது. கடைசி எழுத்தின் வால் நீண்டு, மொத்தப் பெயருக்கும் கீழே அலைபோல ஓடியது. சோப்பு உறையில் இருப்பது அப்படியே.

“நல்லா வந்திருக்குல்லண்ணே?” என்று துணியால் தூசி தட்டிய கல் செதுக்குபவர், ஓட்டுநரின் முகத்தைப் பார்த்தார். பிறகு கல்லைப் பார்த்தார். துணி கையிலேயே நின்றது.

“ஐயையோ. முன்னாடி சுவத்துல விளம்பரம் எழுதிட்டிருந்தேண்ணே. இந்தப் பேரை எழுதி எழுதித் தேஞ்ச கை. அதுபாட்டுக்குப் போயிருச்சு.”

“விடுங்கப்பா” என்றாள் மகள். “வெட்டினதை அழிக்கவா முடியும்? யாரு வந்து உத்துப் பாக்கப்போறா?”

“உங்கம்மா பாக்கப்போறா.”



“கல்லைத் திருப்பிப் போட்டு, பின்பக்கம் இழைச்சு வெட்டித் தரேன்” என்றார் கல் செதுக்குபவர். “ஆனா என் கையை நம்பாதீங்க. மாதிரி ஏதாவது குடுங்க. அதைப் பாத்துதான் வெட்டுவேன்.”

ஓட்டுநர் வீட்டுக்குப் போய் அவளுடைய வேலைக் கோட்டை எடுத்து வந்தார். சலவைக்கூடத்தில் எல்லோருடைய கோட்டும் ஒரே இயந்திரத்தில்தான் சுழலும். மாறிப்போகாமலிருக்க, காலரின் உட்புறம் அவரவர் பெயரை அவரவரே தைத்துக்கொள்வார்கள். அவள் சிவப்பு நூலில் தைத்திருந்தாள். எத்தனையோ வெளுப்புக்குப் பின் அது வெளிறியிருந்தது. ஒரு தையலும் விட்டிருக்கவில்லை.

கல் செதுக்குபவர் காலரைப் பிரித்து வெளிச்சத்தில் பிடித்தார். “நடு எழுத்து கொஞ்சம் இறங்கியிருக்கேண்ணே. நிமித்திரட்டுமா?”

“வேண்டாம்.”

“இந்தச் சுழி இறுகிப்போயிருக்கு.”

“நூலை இழுத்துக் கட்டுவா. அவ வழக்கம். அப்படியே இருக்கட்டும்.”

மகள் குனிந்து, அந்தச் சுழியை விரல் நுனியால் தொட்டுப் பார்த்தாள். “அம்மா கை” என்றாள்.

புரட்டிப் போட்ட கல்லின்மேல் காலரை விரித்து வைத்துக்கொண்டு, கல் செதுக்குபவர் பென்சிலை எடுத்தார். இந்தமுறை கை ஓடவில்லை. ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்தார். பார்த்ததை வாய்க்குள் சொல்லிக்கொண்டே வரைந்தார். கடைசி எழுத்து வந்ததும், எழுத்துக் கூட்டிப் படிப்பவரைப்போல, அவள் பெயரை முதலிலிருந்து ஒருமுறை உரக்கச் சொன்னார்.

ஓட்டுநர் தலையசைத்தார்.