வீட்டில் விசேஷம்

பாளையங்கோட்டை மிஷன் ஆஸ்பத்திரியில் 1911-இல் நர்ஸ் படிப்புக்குச் சேர்ந்தவர்கள் ஆறு பேர். சர்டிபிகேட் வாங்கியவர்கள் மூன்று பேர். இருவர் விதவைகள், மூன்றாவது நான், அநாதை விடுதியில் வளர்ந்தவள். நாங்கள் கெட்டிக்காரிகள் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். கெட்டிக்காரி ஞானசௌந்தரிதான். அவளுக்கு ஓர் அண்ணன் இருந்தான், எங்களுக்கு இல்லை. அவ்வளவுதான் வித்தியாசம்.

அண்ணன் நேசையா சீவலப்பேரிப் பக்கம் மிஷன் பள்ளி வாத்தியார். பெற்றவர்கள் போய்விட்டதால் தங்கையை அவன்தான் கொண்டுவந்து சேர்த்தான். "நீ படிச்சு முடிச்ச பொறவுதான் கல்யாணப் பேச்சு" என்று எங்கள் எல்லோர் முன்னாலும் சொன்னான். அவளும் நம்பினாள்.

கடைசிப் பரீட்சை நெருங்கிய நேரத்தில் அவள் ஊர் வண்டிக்காரர் ஐயம்பெருமாள் வந்து நின்றார். "வீட்டுல விசேஷம் தாயி. ஒங்க அண்ணன் ஒடனே கூட்டியாரச் சொன்னாவ."

எங்கள் பக்கத்தில் விசேஷம் என்றால் கல்யாணமும்தான், பிள்ளைப்பேறும்தான். அவள் மதினி, நேசையாவின் மனைவி, அப்போது வாயும் வயிறுமாக இருந்தாள். முந்தைய இரண்டும் பிழைக்கவில்லை. ஞானசௌந்தரிக்கு வேறென்ன தோன்றும்? கத்தரிக்கோல், நூல், கார்பாலிக் சோப்பு எல்லாவற்றையும் மூட்டையாகக் கட்டினாள். "பரீட்சைக்கு வந்துருவேன்ட்டி. என் கட்டிலை யாருக்கும் குடுத்துராத" என்று என்னிடம் சொல்லிவிட்டு வண்டியேறினாள்.

வீட்டு வாசலில் வாழை கட்டியிருந்தது. மதினி வயிற்றைத் தாங்கிக்கொண்டு நல்லபடியாக நடமாடிக்கொண்டிருந்தாள்.

"யாருக்கு மதினி விசேஷம்?"

"ஒனக்குத்தான் பிள்ளே."

மூன்று ஞாயிறும் வேதக்கோயிலில் கல்யாண ஓலை வாசித்து முடித்திருந்தார்கள். இந்த விவாகத்துக்குத் தடை சொல்பவர் உண்டா என்று ஊரையெல்லாம் கேட்டவர்கள், மணப்பெண்ணை மட்டும் கேட்கவில்லை. படிப்பை முடித்தவள் இரண்டு வருஷம் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தாக வேண்டும். மாப்பிள்ளை வீட்டார் அவ்வளவு நாள் காத்திருக்க மாட்டோம் என்றார்களாம். "நல்ல எடம், கைநழுவிப் போயிரும்லா" என்றான் நேசையா. பரீட்சையை மட்டும் எழுதிவிட்டு வருகிறேன் என்று காலைப் பிடித்து அழுதாள். மறுநாள் தாலி ஏறியது. பரீட்சையன்று அவள் நாற்காலி காலியாகக் கிடந்தது. வேற்று ஆள் ஏமாற்றியிருந்தால் நானும் ஆறியிருப்பேன்.

மீதியை அவளே பிறகு சொன்னாள். மறுமாதம் மதினிக்கு வலி கண்டது. நேசையா தானே வண்டியைக் கட்டிக்கொண்டு தங்கையின் புகுந்த வீட்டுக்கு ஓடினான்.

"வீட்டுல விசேஷம் தங்கச்சி."

"இந்தத் தடவை யாருக்கு அண்ணே?"

அவன் வண்டியை ஊர்ப்பக்கம் திருப்பினான். பிரிக்காமலே கிடந்த அந்த மூட்டையை எடுத்துக்கொண்டு அவள் வண்டியேறினாள். பிள்ளை கொடி சுற்றிப் பிறந்தது. ஆனாலும் பிழைத்துக்கொண்டது.

நேசையா சந்தோஷத்தில் அழுதுவிட்டான். "நீதாம்மா நர்சு. ஒனக்குச் சர்டிபிகேட்டு எதுக்கு?"

ஞானசௌந்தரி கையைக் கழுவிக்கொண்டே சொன்னாள்: "நர்சு வேணும்னா பாளையங்கோட்டைக்குப் போங்க அண்ணே. பரீட்சை எழுதுனவளுவ அங்கன இருக்காளுவ. நான் விசேஷத்துக்கு வந்தவ."