கோனசீமைக்குத் திரும்பிப் போனவர்

நூலக அட்டை ஒன்றின் பின்புறத்தில் பென்சிலால் வரைந்த ஒரு வரைபடம் இன்னும் என் கண்ணுக்குள் இருக்கிறது. கோதாவரியின் இரண்டு கிளைகளுக்கு இரண்டு நீண்ட கோடுகள், அவை கடலைத் தொடும் இடத்தில் ஒரு அலைக்குறி, நடுவே பதினொரு புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் ஒரு கோடு கிளம்பி, வயல்களையும் வாய்க்காலையும் கடந்து, ஒரே வட்டத்தில் போய் முடியும். அந்த வட்டம் ஒரு தென்னந்தோப்பு. வரைந்தவரை நான் ஐயா என்றுதான் கூப்பிட்டேன். அவர் என்னைச் சிஸ்டர் என்றார். எங்கள் இருவருக்கும் அதைவிட நெருக்கமான சொல் கிடைக்கவில்லை, தேடவும் இல்லை.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. நான் ஜெர்மனியின் ஹாலே நகரில் பழைய சுவடிக்கூடம் ஒன்றில் துப்புரவு வேலை செய்தேன். போருக்குத் தப்பி, இலங்கையின் மன்னாரிலிருந்து தனியாக வந்தவள் நான். அகதிகளைப் பிரித்து அனுப்பியபோது நாட்டின் கிழக்கே வந்து விழுந்தேன். என்னோடு விமானத்தில் வந்தவர்கள் மேற்கே டோர்ட்மண்டில் ஒரே தெருவில் குடியிருந்து, ஞாயிறு பூசைக்குப் பிறகு சேர்ந்து சமைத்துச் சாப்பிட்டார்கள். எனக்கு அந்தத் தெரு பல மணி நேர ரயில் தூரம். காலை ஐந்து மணிக்கு வேலைக்கு வந்து, ஊழியர்கள் வரும் ஒன்பது மணிக்குள் முடித்துவிட்டுப் போய்விட வேண்டும். அதனால் ஜெர்மன்காரர்களோடும் அதிகம் பேச நேர்ந்ததில்லை. அந்தக் கட்டடத்தில் இருநூறு வருடங்களுக்கு முந்தைய தமிழ்க் கடிதங்களும் ஓலைகளும் இருந்தன. அவை நொறுங்காமலும் பூச்சி அரிக்காமலும் இருக்க வெப்பத்தை அளந்து பார்த்துக்கொள்ள ஆட்கள் இருந்தார்கள். அந்த அறைக்கு வெளியே தரை துடைத்துக்கொண்டிருந்த எனக்கு, தமிழில் ஒரு வார்த்தை பேச நாட்கணக்கில் ஒருவரும் இல்லை.

ஒரு நாள் வாளி கால் தட்டிக் கவிழ்ந்து மாடிப்படியெல்லாம் தண்ணீர் ஓடியது. "ஐயோ ஆண்டவரே" என்று வாய்விட்டுக் கத்திவிட்டேன். மேல்படியிலிருந்து ஒரு குரல், "தமிழா?" என்றது. நிமிர்ந்து பார்த்தால், கழுத்தைச் சுற்றி இரண்டு மஃப்ளர் கட்டிய ஒரு மனிதர், நாற்பத்தைந்து வயதிருக்கும், கையில் காப்பிக் கோப்பையோடு நின்றார். கூடத்தில் இருந்த பழைய தெலுங்கு ஏடுகளுக்குப் பட்டியல் தயாரிக்க ஒரு வருட ஒப்பந்தத்தில் வந்தவர் அவர். தங்கும் அறையும் அதே கட்டடத்தில். சென்னையில் இருபது வருடம் நூலக வேலை பார்த்ததால் தமிழ் நன்றாகவே வந்தது. கோப்பையைப் படியில் வைத்துவிட்டு, என்னோடு தண்ணீரை வழிக்க இறங்கினார்.

அதன் பிறகு ஆறரை மணிக்கு அவர் போடும் காப்பியில் எனக்கும் ஒரு கோப்பை இருந்தது. மாடியில் இருந்த சின்னச் சமையலறையில் நின்றபடி குடிப்போம். பதினைந்து நிமிடம்தான். அந்தப் பதினைந்து நிமிடத்துக்காக நான் மிச்ச நாளைக் கடத்தினேன் என்பதை அவரிடம் ஒருபோதும் சொன்னதில்லை. அவருக்கும் அப்படித்தான் இருந்திருக்கும் என்று இப்போது நினைக்கிறேன். ஏனென்றால் நான் சுகமில்லாமல் இரண்டு நாள் போகாமல் இருந்து திரும்பியபோது, மேசையில் கழுவாத இரண்டு கோப்பைகள் இருந்தன. பழக்கத்தில் எனக்கும் ஊற்றி வைத்துவிட்டாராம்.

அவர் பேசியதெல்லாம் கோயில்கள்தான். கோதாவரி கடலில் சேருமுன் கிளை பிரிந்து உண்டாக்கிய தீவு போன்ற கோனசீமை அவர் ஊர். அங்கே ஒரு கோயிலில் சிவனுக்கு நாள் தவறாமல் கல்யாணம் நடக்குமாம். கல்யாணம் தள்ளிப்போகிற பிள்ளைகளின் பெற்றோர் முறை கேட்டுக் காத்திருப்பார்களாம். இன்னொரு ஊரில் ஒரே கல்லில் முன்பக்கம் விஷ்ணு, பின்பக்கம் மோகினி. பின்னால் சுற்றிப் போகிறவர்கள் அவளுடைய கொண்டையையும் அதில் சூடிய பூவையும் பார்த்து நின்றுவிடுவார்களாம். நான் கத்தோலிக்கப் பெண். ஆனாலும் எங்கள் ஊர்த் திருநாளில் மாதாவைத் தூக்கிக்கொண்டு போகிற தோள்களை எனக்குத் தெரியும். அதனால் அவர் சொன்னது அந்நியமாகப் படவில்லை.

அவர் அதிகம் சொன்னது கனுமா நாளைப் பற்றி. நமக்கு மாட்டுக்குப் பொங்குகிற பட்டிப்பொங்கல் வருகிற அன்று அவர்களுக்குக் கனுமா. பதினொரு ஊர்களின் சிவன்கள், பதினொரு ருத்திரர்கள் என்று சொல்வார்களாம், அன்று தங்கள் கோயிலை விட்டுக் கிளம்பி ஒரு தென்னந்தோப்பில் சந்திப்பார்கள். மூங்கிலால் வளைத்துக் கட்டி, வண்ணத் துணியும் மயிலிறகும் மணிகளும் தொங்கவிட்ட பிரபை என்ற உயரமான அமைப்பில் சுவாமியை வைத்து, தோளில் சுமந்து வருவார்கள். சக்கரம் கிடையாது. விளைந்து நிற்கிற வயலை மிதித்துத்தான் போகவேண்டும். வயல்காரர் அதைப் பாக்கியம் என்பார். வாய்க்கால் குறுக்கிட்டால் மார்பளவு தண்ணீரில் இறங்குவார்கள், பிரபை சாயாது.

"தோப்பில கோயில் இருக்கோ?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் இல்ல சிஸ்டர். வெறும் தென்னைமரம்தான். அவங்க மீட் பண்ற இடம், அவ்வளவுதான். சாயங்காலம் அவங்கவங்க ஊருக்குத் திரும்பிடுவாங்க. அப்புறம் நெக்ஸ்ட் இயர்தான்."

அப்போதுதான் அந்த அட்டையில் வரைந்து காட்டினார். பதினொரு புள்ளிகளில் ஒன்றின் மேல் மட்டும் பென்சிலைக் கொஞ்ச நேரம் எடுக்காமல் வைத்திருந்தார்.

அந்தப் புள்ளியில் இருந்த கோயில் அவர் குடும்பத்துப் பூசையில் இருந்தது என்பதைப் பல வாரம் கழித்துத்தான் சொன்னார். கனுமா அன்று கருவறையிலிருந்து சுவாமியைக் கையில் ஏந்திப் பிரபையில் வைப்பது அந்த வீட்டு மூத்த மகனின் பொறுப்பு. அப்பா இறந்தபோது அது இவருக்கு வந்தது. இவர் வேண்டாம் என்று சென்னைக்குப் போய், நூலக வேலையோடு கோயில்களைப் பற்றிக் கட்டுரை எழுதிக்கொண்டிருந்தார். வெளியூரில் வேலை கிடைத்திருந்த தம்பி, அந்த வேலையை விட்டுவிட்டு வந்து கோயிலில் நின்றான். பிறகு ஒரு தடவை ஊருக்குப் போனபோது தம்பி எல்லோர் முன்னாலும் சொன்னானாம், "நீ சாமியைப் பற்றி எழுது, நான் விளக்கேற்றுகிறேன், ஆளுக்கு ஒன்று" என்று. அதில் தப்பாக என்ன இருக்கிறது என்று எனக்குத் தோன்றியது. ஆனால் அவருக்கு அது குத்திக்காட்டலாகப் பட்டது, அதோடு ஏழு வருடம் ஊர்ப்பக்கம் போகவில்லை. கடிதமும் இல்லை.

அந்த வருடம் நவம்பரில் கோனசீமையைப் புயல் அடித்தது. ஜெர்மன் பத்திரிகையில் விரல் நீளத்துக்கு ஒரு செய்தி வந்திருந்தது. அதை வெட்டி எடுத்து வந்து, தெரிந்த ஜெர்மனை நம்பாமல், "இதுக்கு என்ன அர்த்தம், சரியாப் பாத்துச் சொல்லுங்க" என்று என் கையில் கொடுத்தார். கரையோரம், கடல் உள்ளே வந்தது, பலர் இறந்தார்கள், தென்னைகள் அடியோடு சாய்ந்தன. அவ்வளவுதான் இருந்தது. நான் ஒவ்வொரு சொல்லாகச் சொன்னேன். "ஊர்ப் பேர் இருக்கா?" என்றார். இல்லை.

பிறகு வந்த மூன்று வாரமும் அவர் காப்பி போடவில்லை, நான்தான் போட்டேன். தொலைபேசி இணைப்புக் கிடைக்கவில்லை. தந்திக்குப் பதில் இல்லை. சொந்த ஊரிலிருந்து செய்தி வராமல் இருப்பது எப்படி என்று எனக்குத் தெரியும். என் தங்கை குடும்பத்தோடு மடு மாதா கோயில் பக்கம் இடம்பெயர்ந்து இருந்தாள், அவளுடைய கடைசிக் கடிதம் வந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. அதனால் கோப்பையை அவர் கையில் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் நின்றேன்.

டிசம்பர் தொடக்கத்தில் ஒரு காலை, அவர் மேசைமேல் ஒரு நீலக் கடித உறையை வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். முதல் நாள் மதியமே வந்ததாம். பிரிக்கவில்லை.

"என் தம்பி எழுத்து எனக்குத் தெரியும் சிஸ்டர். இது அவன் ஹேண்ட்ரைட்டிங் இல்ல. வேற யாரோ எழுதியிருக்காங்க." உறையை என் பக்கம் திருப்பினார்.

அந்த முகவரியைப் பார்த்தேன். எழுத்துகள் சின்னப்பிள்ளை எழுதியது போல ஆளுக்கொரு பக்கம் சாய்ந்து கிடந்தன. "பிரியுங்கோ ஐயா. பிரிக்காமல் வைச்சிருந்தால் உள்ளுக்க இருக்கிறது மாறப்போகுதோ?" என்றேன். அவர் உறையைத் தொடவில்லை. நானே கத்தியால் கீறிக் கொடுத்தேன்.

முதல் சொல்லை வாய்விட்டுப் படித்தார். "அன்னய்யா." அண்ணா என்று அவர்கள் கூப்பிடும் விதம் அது. அதற்குப் பிறகு அவர் முகம் உடைந்துபோனது. அழுதபடியே வரி வரியாகத் தமிழில் சொன்னார். உன் தந்தி கிடைத்தது. வீடு விழுந்துவிட்டது. பிள்ளைகள் கோயிலுக்குள் இருந்ததால் பிழைத்தார்கள். மரம் சாய்ந்து என் வலது கை முறிந்துவிட்டது, இடது கையால் எழுதுகிறேன். கனுமாவுக்குப் பிரபை கட்டுவதென்று ஊரில் முடிவு செய்துவிட்டார்கள். சுவாமியை எடுக்க என்னால் முடியாது. மூத்தவன் எங்கே என்று கேட்கிறார்கள். என்ன சொல்லட்டும்?

அவர் உடனே கிளம்புவார் என்று நினைத்தேன். ஒரு வாரம் போனது. பட்டியல் பாதியில் நிற்கிறது என்றார், ஒப்பந்தம் மார்ச் வரைக்கும் என்றார். "பாதியில விட்டுட்டுப் போறது ப்ரொஃபஷனல் இல்ல சிஸ்டர். அதோட, இவ்வளவு வருஷம் கழிச்சு எந்த முகத்தோட போறது?"

எனக்கு வந்த கோபத்தை இன்றைக்கும் என்னால் சரியாக விளக்க முடியாது. துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு, பையிலிருந்து, அகதிகளுக்குக் கொடுக்கும் என் நீலநிறப் பயண ஆவணத்தை எடுத்து அவர் ஏட்டுக்குப் பக்கத்தில் போட்டேன்.

"இதில என்ன எழுதியிருக்குத் தெரியுமோ? எல்லா நாட்டுக்கும் போகலாமாம், இலங்கைக்கு மட்டும் ஏலாதாம். என்ர தங்கச்சி இருக்கிறாளோ இல்லையோ எண்டு பாக்க எனக்கு வழியில்லை. உங்கட பாஸ்போர்ட்டில அப்பிடி ஒரு வரியும் இல்லையே ஐயா. உங்களைக் கேக்கிறாங்கள், எங்க எண்டு கேக்கிறாங்கள். என்னை ஆர் கேக்கினம்? போங்கோ. தயவுசெய்து போங்கோ."

அவர் அந்த வரியை விரல் வைத்துப் படித்தார். ஆவணத்தை மூடி இரண்டு கையாலும் என்னிடம் திருப்பித் தந்தார். அன்று மதியமே மேலாளரைப் பார்த்தார். அவர்கள் மறுக்கவில்லை, மிச்சத்தைப் பிறகு பார்க்கலாம் என்றார்களாம்.

ஜனவரியின் முதல் வாரத்தில் ஹாலே நிலையத்தில் அவரை ஃபிராங்ஃபுர்ட் ரயிலில் ஏற்றிவிட்டேன். என் தொலைபேசி எண்ணை வாங்கிச் சட்டைப் பையில் வைத்தார். ஒரு மஃப்ளரைக் கழற்றி, "அங்கே இது வேண்டாம்" என்று என்னிடம் கொடுத்தார். ரயில் போன பிறகு, போ போ என்று விரட்டியவள் நான்தானே என்று என்னையே திட்டிக்கொண்டு டிராமுக்கு நடந்தேன். அடுத்த நாள் ஆறரை மணிக்குச் சமையலறையைத் துடைத்துவிட்டு விளக்கை அணைத்தேன். நின்று குடிக்க மனமில்லை.

இப்போது என் கடவுச்சீட்டில் அந்த வரி இல்லை. நான் ஜெர்மன் பிரஜை. மன்னாருக்கு இரண்டு தடவை போய்வந்தேன். தங்கை பிள்ளைகளோடு கனடாவில் இருக்கிறாள், அவள் பிழைத்துவிட்டாள். ஊரில் எங்கள் வளவில், பழைய வீட்டு நிலத்தில், வேறு யாரோ வீடு கட்டியிருந்தார்கள், நல்ல மனிதர்கள், தேநீர் கொடுத்தார்கள். குடித்துவிட்டு வந்தேன். போக முடியாதிருந்த வருடங்களில் அந்த இடம் எனக்கு இருந்தது போல, போக முடிந்த பிறகு இருக்கவில்லை. இதை ஐயாவிடம் சொல்லலாம் என்றால், அந்த ஜனவரிக்குப் பிறகு அவர் குரலை நான் கேட்கவே இல்லை.

அவர் ஒரே ஒரு தடவைதான் அழைத்தார். அதே ஜனவரியில், கனுமா அன்று காலை ஒன்பதரை மணி. வேலை முடிந்து வந்து கோட்டைக் கழற்றிக்கொண்டிருந்தேன். அங்கே மதியம் தாண்டியிருக்கும். தொலைபேசியை எடுத்ததும் முதலில் கேட்டது மேளம். அதற்கு மேலாக ஒரு கூட்டமே ஒரே குரலில், "அசரபா, சரபா" என்று சுவாமியை அழைத்துத் திரும்பத் திரும்பக் கத்தியது.

"சிஸ்டர், கேக்குதா? கோயிலுக்கு எதிர்க்கடையில இருந்து பேசறேன். தம்பி வாசல்ல நிக்கிறான், கையில கட்டோட. என்னைப் பாத்து, நேரமாச்சு, உள்ள போ அன்னய்யான்னு மட்டும் சொன்னான்." பின்னால் யாரோ கத்தினார்கள். "கூப்பிடறாங்க. சாமியை எடுக்கணும். வர்றேன் சிஸ்டர்."

அவர் தொலைபேசியைக் கீழே வைக்காமல் அப்படியே மேசையில் போட்டுவிட்டு ஓடியிருக்க வேண்டும். மேளம் நெருங்கியது, மணிகள் மொத்தமாகக் குலுங்கின, ஒரு பெரிய ஆரவாரம் எழுந்தது. எடுத்துவிட்டார் என்று புரிந்தது. கொஞ்ச நேரத்தில் கடைக்காரர் யாரோ எடுத்து, "மீரு எவரு?" என்றார். நீங்கள் யார் என்று கேட்கிறார்.  "ஜெர்மனி" என்றேன். அந்த மனிதருக்கு என்ன புரிந்ததோ, "ஆ, வினண்டி அம்மா, வினண்டி" என்று, அதாவது கேளுங்கள் என்று, சொல்லிவிட்டுத் தொலைபேசியை வாசல் பக்கம் நீட்டிப் பிடித்திருந்தார் போலிருக்கிறது. சத்தம் மறுபடி பெரிதாக வந்தது. கோட்டின் ஒரு கை கழற்றியபடியே நின்று கேட்டேன். பிரபை தெருவைத் தாண்டியிருக்கும், வயலில் இறங்கியிருக்கும், மேளம் மெலிந்து மெலிந்து தூரப் போனது. ஒன்றுமே கேட்காமல் போன பிறகும் அந்தக் கடைக்காரர் தொலைபேசியை வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை.