ஓவனுக்குள் ஒரு ஜோடி பூட்ஸ்

சம்பாதிக்கும் மகன் கூட இருந்தால் இங்கிலாந்தின் ஓல்டம் நகராட்சி தாயின் வாடகை உதவியைக் குறைக்கும். அதனால்தான் விவாகரத்தாகி வந்த கிளைவ், "கேட்டா நான் இங்க இல்லன்னு சொல்லிடும்மா" என்றிருந்தான். தாய் மேவிஸ் தன் கட்டிலை அவனுக்குக் கொடுத்துவிட்டுச் சோபாவில் படுத்தாள்.

விசாரிக்க வந்த நகராட்சி அதிகாரி அழைப்பு மணியை அடித்ததும் கிளைவின் பூட்ஸை ஓவனுக்குள் திணித்தாள்.

"பையன் இங்கதானே இருக்காரு?"

"அவனா? கிறிஸ்துமஸுக்குக்கூட எட்டிப் பாக்கமாட்டான், கண்ணு."

"அவரே எங்ககிட்ட எழுதிக் குடுத்திருக்காரே! ஆறு மாசமா அம்மா வீட்டு சோபாவுல கெடக்கறேன்னு சொல்லி நகராட்சிகிட்ட தனி ஃபிளாட்டே வாங்கிட்டாரு. சனிக்கிழமை போறாராமே, சொல்லலியா?"

இப்போது நகராட்சியின் கணக்கில் பொய் சொன்னவள் மேவிஸ் மட்டும்தான்.

அவள் அதிகாரிக்குத் தேநீர் ஊற்றினாள். பிறகு நிதானமாகப் போய் ஓவனைப் பற்றவைத்தாள்.