அக்கரை லூசியா

உப்புக் காற்றில் பச்சை பூத்த இயர்போன் முனையை உதட்டில் வைத்து ஊதினால் நாக்கில் ஒரு செம்புக் கசப்பு ஒட்டும். அந்தக் கசப்புதான் என் பிறந்தநாட்களின் ருசி, கேக்கெல்லாம் ரொம்பப் பிறகு வந்தது. தங்கச்சிமடத்தில் எங்கள் வீட்டுப் பொத்தான் செல்போனில் ரேடியோ கேட்க வேண்டுமென்றால் இயர்போனைச் சொருகியே ஆக வேண்டும், அந்த ஒயர்தான் ஏரியல். ஒயரை ஜன்னல் கம்பியில் சுற்றிவிட்டால் மதுரை கரகரக்கும். கடலுக்கு அந்தப் பக்கமிருக்கிற இலங்கை எஃப்.எம். மட்டும் பக்கத்து வீட்டு அக்கா பேசுவதைப் போல அத்தனை தெளிவாக வரும். தண்ணீர் மேல் சத்தம் வழுக்கிக்கொண்டு வந்துவிடும் என்பார் விசைப்படகு டிரைவரான என் அப்பா. எங்களுக்கு அதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

எனக்கு அப்போது எதைக் கண்டாலும் சேர்க்க வேண்டும். மிட்டாய் பாக்கெட்டோடு வரும் மல்யுத்த வீரர் அட்டைகள், நோட்டு அட்டையில் ஒட்டுகிற நடிகர் ஸ்டிக்கர்கள், "டவுன்லோடு கடை" அண்ணனிடம் கெஞ்சி மெமரி கார்டில் ஏற்றிய பாட்டுகள் என்று தலையணைக்கடியில் ஒரு சாம்ராஜ்யமே வைத்திருந்தேன். இத்தனைக்கும் மேலே எனக்குப் பைத்தியமாக இருந்தது, அந்த எஃப்.எம்.மில் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும் நேரத்தில் வரும் பிறந்தநாள் வாழ்த்துதான். முன்பின் தெரியாத பிள்ளைகளை ஒரு பெண் குரல் ஊரோடும் பேரோடும் வாழ்த்தி, அவர்களுக்கென்றே ஒரு பாட்டும் போடும். எங்கள் தெருவில் பிறந்தநாள் என்றால் கோயிலில் ஒரு மெழுகுவர்த்தி, வகுப்பில் ஆளுக்கொரு மிட்டாய், கதை முடிந்தது. எனக்கு வயிறு எரியும். அதே குரல்தான் மத்தியானத்தில் "மரண அறிவித்தல்" வாசிக்கும். வாழ்த்துக்கும் சாவுக்கும் அந்தக் குரலில் இம்மி வித்தியாசம் இருக்காது.

எங்கள் சனங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. பிள்ளை எந்தப் புனிதரின் திருநாளில் பிறக்கிறதோ, பெரும்பாலும் அவர் பேரையே வைத்துவிடுவார்கள். டிசம்பர் பதின்மூன்றில் பிறந்ததால் நான் லூசியா. அக்கரையிலும் இதே சபை, இதே நாள்காட்டி, இதே வழக்கம். இதெல்லாம் இப்போது புரிகிறது. என் ஒன்பதாவது பிறந்தநாள் காலையில், தலையில் எண்ணெய் வழிய, காதில் இயர்போனோடு உட்கார்ந்திருந்தவளுக்கு இது எதுவும் தெரியாது.

"லூசியா..." என்றது ரேடியோ. ஒரே ஒரு தடவை கூப்பிட்டு நிறுத்தியது.

"என்ன?" என்றேன் நான், வாய்விட்டு.

அதன் பிறகுதான் குரல் தொடர்ந்தது: மன்னார் பேசாலையைச் சேர்ந்த செல்வி லூசியா இன்று தனது ஒன்பதாவது பிறந்தநாளைக் கொண்டாடுகிறார், அவரை அன்பு அம்மா வாழ்த்துகிறார். அய்யோ, அந்தச் சந்தோஷத்தைக் கேட்கிறீர்களே, எனக்குக் கால் தரையில் படவில்லை. ஆனால் மீன் அரிந்துகொண்டிருந்த அம்மா அருவாமனையை அப்படியே விட்டுவிட்டு எழுந்து வந்தாள்.

"ஏடி, யாருக்குடி இப்பப் பதில் சொன்ன?"

எங்கள் கரையில் முகம் தெரியாத குரல் பேர் சொல்லிக் கூப்பிட்டால் முதல் தடவையும் இரண்டாம் தடவையும் வாயைத் திறக்கக் கூடாது. மனிதர் என்றால் மூன்றாவது தடவையும் கூப்பிடுவார்; மற்றது ஒரு தடவையோடு நிறுத்திக்கொண்டு, பதில் சொன்னவரைப் பிடித்துக்கொள்ளும். அதனாலேயே எங்கள் தெருவில் கதவைத் தட்டுகிற எவரும் மூன்று தடவை பேர் சொல்லிவிடுவார்கள், தபால்காரர் உட்பட. ரேடியோ ஒரு தடவைதான் கூப்பிட்டது. அம்மா என் நெற்றியில் சிலுவை போட்டாள், மீன் வாடையோடு. "பேரு தெரிஞ்சுகிட்டு ஒத்தையாக் கூப்பிட்டிருக்கு, இவளும் ஆசையாப் பதில் சொல்லியிருக்கா" என்று அன்று முழுவதும் முனகிக்கொண்டே இருந்தாள்.

அப்பா சிரித்தார். "அது அங்கன உள்ள வேற புள்ளடி. நம்மள மாதிரி வலைக்காரவுக வீட்டுப் புள்ளையா இருக்கும்." எனக்குச் சிரிப்பு வரவில்லை. அன்றிலிருந்து கடலைப் பார்த்தால் அந்தப் பக்கம் ஒருத்தி என்னைப் பார்த்துக்கொண்டு நிற்பதாகவே இருக்கும். நான் ஸ்டிக்கர் ஒட்டும்போது அவளும் ஒட்டுவாள், எனக்குப் பல் விழுந்தால் அவளுக்கும் விழுந்திருக்கும். பத்திலும் பதினொன்றிலும் பன்னிரண்டிலும் டிசம்பர் பதின்மூன்று காலையில் அவள் பேர் தவறாமல் வந்தது. நான் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு கேட்டேன். அவளுக்குப் போட்ட பாட்டைத்தான் அந்த வருடம் முழுக்க நானும் பாடித் திரிந்தேன். பிடித்துப் பாடினேனா, பயந்து பாடினேனா என்று இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை.

பன்னிரண்டு முடிந்த தை மாதத்தில் எனக்குக் காய்ச்சல் வந்தது. விடாத காய்ச்சல். என்னை அம்மாவிடம் விட்டுவிட்டு அரை மனதோடு கடலுக்குப் போன அப்பா, மறுநாள் காலையில் திரும்ப வேண்டியவர், அன்று சாயங்காலமே ஈரத்தோடு ஓடி வந்து வாசலில் நின்றார். பாயில் கிடந்த என் மூக்கின் முன் விரலை வைத்துப் பார்த்தார். அப்புறம் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதார். அப்பா அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

கடல் எல்லைக்குப் பக்கத்தில் வலை இறக்கியிருந்தபோது, படகு ரேடியோவில் மத்தியான அறிவித்தல் வந்திருக்கிறது. பேசாலையைச் சேர்ந்த செல்வி லூசியா காலமானார்; இவ்வறிவித்தலை உற்றார், உறவினர், நண்பர்கள் அனைவரும் ஏற்றுக்கொள்ளவும். "அது நம்ம புள்ள இல்லன்னு எனக்கு நல்லாத் தெரியும்" என்றார் அப்பா. "தெரிஞ்சும் கையி பாட்டுக்கு ஸ்டீயரிங்கத் திருப்பிருச்சு. போன் டவரும் இல்ல. நான் என்ன செய்ய?" கூட வந்தவர்களும் உடனே வலையை இழுத்து ஏற்றியிருக்கிறார்கள். படகு முதலாளி மட்டும் கொஞ்ச நாள் அப்பாவோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

காய்ச்சல் இறங்கிவிட்டது. பயம் இறங்கவில்லை. அவளுக்குப் பதில் சொன்னவள் நான்தானே, அடுத்து என்னைத்தான் கூப்பிடுவாள் என்று சோறு இறங்காமல் கிடந்தேன். அம்மா கச்சத்தீவு அந்தோணியாருக்கு நேர்ந்துகொண்டாள். வருடத்துக்கு ஒரு தடவை வரும் அந்தத் திருவிழாவில்தான் இரண்டு கரைச் சனங்களும் ஒரே மணலில் உட்காருவோம், சோப்பும் தைலமும் மாற்றிக்கொள்வோம். அந்த வருடம் அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு பேசாலைக்காரர்களைத் தேடினார். கொடிமரத்து நிழலில், கறுப்புச் சேலையில் ஒரு பெண் தனியாக உட்கார்ந்திருந்தார். அப்பா தயங்கித் தயங்கி எல்லாவற்றையும் சொன்னார்.

அவர் என்னை வெகுநேரம் பார்த்தார். "லூசியா" என்றார். வாயை இறுக்கி மூடிக்கொண்டேன். "லூசியா" என்றார் மறுபடியும், குரல் உடைந்துவிட்டது. இத்தனை வருடம் என்னை வாயைப் பொத்த வைத்த அம்மாதான், பக்கத்தில் நின்றவள், அப்போது பேசினாள். "இன்னும் ஒருக்காக் கூப்பிடுங்கக்கா. மூணு தடவ கூப்பிட்டாத்தான் எங்க புள்ள பேசும்." மூன்றாவது தடவை கூப்பிட்டதும், "என்னம்மா" என்றேன். என்னைச் சேர்த்து அணைத்து என் உச்சந்தலையை முகர்ந்தார்.

"என்ட பிள்ளையும் காய்ச்சலிலதான் போனவள்" என்றார். பிறகு என்னிடம் மட்டும் மெதுவாகச் சொன்னார்: "அவளும் உங்கட ரேடியோதான் கேப்பாள். ஒன்பது வயசுப் பிறந்தநாளுக்கு என்னட்ட ஓடி வந்து சொன்னவள், அம்மா, அங்கால ஒருத்தி 'என்ன' எண்டு கேக்கிறாள் எண்டு."

இந்த ஒரு வாக்கியத்தை நான் வீட்டில் யாரிடமும் சொன்னதில்லை.

அடுத்த டிசம்பர் பதின்மூன்று காலையில், அதே ஜன்னல், அதே ஒயர். "லூசியா... லூசியா... லூசியா" என்றது ரேடியோ. தங்கச்சிமடம் லூசியாவுக்குப் பேசாலை அம்மாவின் வாழ்த்து, மூன்று முறை அழைக்கும்படி கேட்டிருக்கிறார் என்று அந்தக் குரல் முதல் தடவையாகக் கொஞ்சம் சிரித்தது. நான் "என்னம்மா" என்றேன். அருவாமனைக்கு முன்னால் உட்கார்ந்திருந்த அம்மா கண்டும் காணாதவளாக இருந்துவிட்டாள். அதற்குப் பிறகு ஒரு வருடம்கூடத் தவறவில்லை.

இப்போது சென்னையில், வேளச்சேரி விடுதியில் இருக்கிறேன். சேர்க்கிற பைத்தியம் போகவில்லை. கொரியப் பாட்டுக்காரர்களின் போட்டோ அட்டைகள் மட்டும் ஒரு பெட்டி நிறைய இருக்கின்றன. அலுவலகத்தில் பிறந்தநாள் என்றால் கேக்கை வெட்டுவதா, முகத்தில் பூசுவதா என்றே தெரியாத கூத்து. இந்தப் போனில் ரேடியோ கிடையாது, இயர்போன் சொருகத் துளைகூடக் கிடையாது, அந்த எஃப்.எம்.மைச் செயலியில்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். போன மாசியில் கச்சத்தீவுத் திருவிழாவுக்கு அந்தப் பேசாலை அம்மா வரவில்லை. தவறிவிட்டாராம், அப்பா போனில் சொன்னார். "அழுகாத தாயி" என்று சொல்லிவிட்டு அவர்தான் அழுதார்.

ஆனாலும் இந்த டிசம்பர் பதின்மூன்று காலையில் பழக்கத்தில் எழுந்து செயலியைத் திறந்தேன். பிறந்தநாள் வாழ்த்து நிகழ்ச்சியையே எடுத்துவிட்டார்கள். விளம்பரம், பாட்டு, மறுபடி விளம்பரம். காதிலிருந்த ஒயரில்லா இயர்போனைக் கழற்றி மேசையில் வைத்தேன். அறைத்தோழி ஊருக்குப் போயிருந்தாள், கதவு உள்ளே தாழிட்டிருந்தது. நாக்கில் எங்கிருந்தோ அந்தச் செம்புக் கசப்பு.

"லூசியா" என்று முதுகுக்குப் பின்னால் ஒரு குரல் கூப்பிட்டது. ஒரே ஒரு தடவை.

அடுத்த இரண்டுக்காகக் காத்திருந்தேன். வரவில்லை. கூப்பிட்டது பேசாலை அம்மாவா, அவர் மகளா என்று எனக்குத் தெரியாது. இருவரில் யாராக இருந்தாலும் எப்படி வாயை மூடிக்கொண்டிருப்பது?

"என்ன?" என்றேன்.