பேட்டையில் ஓடாத கடைசி ரீல்

கட்டிய பெண்டாட்டி வெளியே போய்விட்டு வந்தால் அவள் முந்தானையை மோந்து பார்த்துவிட்டு வீட்டுக்குள் விடும் ஆம்பிளையை நீங்கள் பார்த்ததுண்டா? நான் பார்த்திருக்கிறேன். என் சித்தப்பா. சினிமாக் கொட்டகை முழுக்கப் பீடிப் புகை, அது எந்தச் சேலையில்தான் ஏறாது? "ஏட்டி, எவன் பீடி நாத்தம் இது?" என்று வாசலிலேயே ஆரம்பிப்பார். காவலுக்கென்று கூட அனுப்பப்பட்ட சின்னப் பெண் நான், "பொம்பளையாள் பக்கந்தான் இருந்தோம் சித்தப்பா" என்று சொன்னாலும் நம்ப மாட்டார். அவர் பட்டறையிலிருந்து வருமுன் முந்தானையை அலசிவிடுவது சித்திக்குப் பழக்கமாகிப் போனது. இத்தனைக்கும் பெற்றவர்களை எதிர்த்துக்கொண்டு இவரைக் காதலித்துக் கட்டிக்கொண்டவள்.

அந்த வருஷம் பேட்டைக் கொட்டகைக்கு ஒரு படம் வந்தது. சந்தேகம் பிடித்த புருஷன், அவன் பூட்டிவைத்து வதைக்கும் காதல் மனைவி, கூடவே இருந்து அவன் காதில் பொய்யை ஓதும் நண்பன். கடைசியில் நண்பனின் துரோகம் தெரிந்து புருஷன் அவள் காலில் விழுந்து கதறுவான். உடனே விளக்கைப் போட்டுவிடுவார்கள். சித்தி அழுத அழுகையில் என் சட்டை நனைந்துவிட்டது. "பாத்தியாட்டி, எப்படித் திருந்திட்டான்! உங்க சித்தப்பாவும் ஒருநா இப்படித்தான் அழுவாவ, பாரேன்."

கொஞ்ச நாளிலேயே சித்தப்பா அவளை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு வேலைக்குப் போக ஆரம்பித்தார். அவள் அக்காவான என் அம்மா ஜன்னலில் நின்று கெஞ்சினாள்: "பூட்ட ஒடைக்கச் சொல்லுதேன். வாட்டி, நம்ம வீட்டுக்குப் போயிருவோம்." சித்தி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "வேண்டாங்க்கா. அந்தப் படத்த நீ பாக்கலல்லா? திருந்திருவாவ" என்றாள்.

போன மாதம் கல்லூரி விடுதி டிவியில் அதே படம். காலில் விழுந்து கதறுகிறான். முடிந்தது என்று எழுந்தால், முடியவில்லை! மறுநாள் காலை அதே புருஷன், "நேத்து யாரப் பாத்து சிரிச்சே?" என்று கேட்கிறான். அவள் செருப்பை மாட்டிக்கொண்டு போய் பஸ் ஏறிவிடுகிறாள். அதுதான் முடிவு.

பழைய கொட்டகை இப்போது உரக் கிடங்கு. அதை நடத்திய அண்ணாச்சியிடம் மூட்டைகளுக்கு நடுவே நின்று கேட்டேன். "நாந்தாம்ட்டி ஆபரேட்டர்ட்ட சொல்லி அந்தக் கடைசி ரீல நிறுத்துனேன். பொம்பள வீட்ட விட்டு எறங்கிப் போனா நல்லாவா இருக்கும்? தாய்மாரு கூட்டம் எப்படி அள்ளிச்சு தெரியும்லா!" என்று பெருமையாகச் சிரிக்கிறார் மனுஷர்.

இன்று மத்தியானம் சித்தி வீட்டுக்கு வந்தேன். கதவில் இப்போது பூட்டு இல்லை. அதற்குத் தேவையும் இல்லை. முழுக் கதையையும் சொன்னேன். "பஸ் ஏறி எங்கட்டி போனா?" என்று கேட்டாள். படத்தில் அதைக் காட்டவில்லை என்றேன்.

சித்தப்பா வரும் நேரம். இன்று எங்கும் போகாத சித்தி குழாயடியில் முந்தானையை அலசிக்கொண்டிருக்கிறாள்.