மைத்துனனிடம் நான் கண்ட குறைகள்

எங்கள் ரப்பர் தோட்டத்து ஹாக்கி அணியில் சென்டர் பார்வர்ட் இடம் என்னுடையது. நான் தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் கிராணி வேலையில் சேர்ந்த நாள் முதல் அப்படித்தான். மூவார் பட்டணத்தில் படிப்பை முடித்துவிட்டு என் மனைவியின் தம்பி எங்கள் வீட்டுக்கு வந்து தங்கும் வரை அந்த இடத்துக்கு யாரும் போட்டிக்கு வந்ததில்லை.

அவன் திடலில் இறங்கிய முதல் நாளே ஆளாளுக்கு அவனைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார்கள். எங்கள் அணித்தலைவர் தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரெஸ்ஸர். "உங்க மச்சானைப் பாத்தீங்களா கிராணி? பந்து அவன் மட்டைய விட்டுப் போவ மாட்டேங்குது லா," என்றார். எனக்கு வயிறு பற்றி எரிந்தது. என் வீட்டுச் சோற்றைத் தின்றுவிட்டு என் இடத்துக்கே வருகிறானா?

அன்று மூன்று பேரும் சாப்பிடும்போது, "தம்பி எப்படிங்க ஆடினான்?" என்று மனைவி கேட்டாள்.

"ஓடத் தெரியுது. ஆனா குனிஞ்ச தலை நிமிர மாட்டேங்கிறான். பக்கத்துல யாரு இருக்கான்னே தெரியாது அவனுக்கு."

நான் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்துக் கண்டுபிடித்த குறை அது. பையன் முகம் தொங்கிப்போகும் என்று எதிர்பார்த்தேன். அவனோ தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டான். அடுத்த வாரம் நிமிர்ந்து பார்த்துக்கொண்டே ஓடினான்.

பிறகு, இடது பக்கம் வரும் பந்துக்கு மட்டையைத் திருப்பத் தெரியவில்லை என்றேன். ரப்பர் ஷீட் காயும் கொட்டகைக்குப் பின்னால் இருட்டும் வரை மட்டையைத் திருப்பித் திருப்பித் தட்டிக்கொண்டிருந்தான். அதுவும் சரியாகிவிட்டது. அக்காவும் தம்பியும் என் பேச்சை வேதவாக்காக எடுத்துக்கொண்டால் நான் என்னதான் செய்வது? கடைசியில், "எல்லாம் சரி, பந்தை மத்தவனுக்குக் குடுக்க மாட்டான். அந்தக் குணம் போற வரைக்கும் சென்டர்ல நிக்க முடியாது," என்று சொல்லிவிட்டேன். டிரெஸ்ஸர் காதிலும் அதைப் போட்டுவைத்தேன்.

மூவார் அணியோடு ஆட்டம் வந்தது. டிரெஸ்ஸர் அவனைச் சென்டரில் நிறுத்தி, என்னை அவனுக்கு வலப்பக்கம் தள்ளினார். மனைவி வேறு திடலோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். ஆட்டம் முடியப்போகும் நேரம் வரை யாரும் கோல் போடவில்லை. அப்போது அவன் எதிராளிகளைத் தாண்டிக்கொண்டு கோல் வட்டத்துக்குள் வந்துவிட்டான். கோல்கீப்பர் அவனை நோக்கிப் பாய்ந்தான். அப்போதும் அவன் அடித்திருந்தால் கோல்தான். அவன் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தான். இடப்பக்கம் இருந்த பந்தை மட்டையைத் திருப்பி என்னிடம் தட்டிவிட்டான்.

என் முன்னால் கோல் காலியாகக் கிடந்தது. அடித்தேன். பந்து மட்டையின் ஓரத்தில் பட்டுக் கம்பத்துக்கு வெளியே போய்விட்டது.

ஆட்டம் கோல் இல்லாமலே முடிந்தது. லாரியில் திரும்பும்போது அவன் என்னை ஒட்டி உட்கார்ந்து மெதுவாகக் கேட்டான்.

"அத்தான், நான் குடுத்தது கொஞ்சம் வேகமாப் போச்சோ?"

கையில் எடுத்துக் கொடுத்த மாதிரி வந்த பந்து அது. எதிரில் டிரெஸ்ஸர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆமா," என்றேன். "அதைத் திருத்திக்கோ."

"சரிங்கத்தான்," என்றான்.

டிரெஸ்ஸர் முகத்தை வெளியே திருப்பிக்கொண்டார். சென்டர் இடத்தைப் பற்றி அதன் பிறகு நான் அவரிடம் பேசவே இல்லை.